எங்கள் விதையில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கும் சொல்லுங்கள்

கண்வலி என்னும் செங்காந்தளின் விதையை வாங்கும் வணிகர்களுக்கும், அதிலிருந்து கோல்கிசின் என்ற மருந்துச் சத்தைப் பிரித்தெடுக்கும் நிறுவனங்களுக்கும், அதை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏற்றுமதியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

இந்த மாசியில் எங்கள் பக்கம் விதை வாங்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "இந்த வருச விதையில கோல்கிசின் கம்மி." காய் முற்றும்போது பேசிய விலை அந்த ஒரு வார்த்தையில் இறங்கிப்போனது. எவ்வளவு கம்மி? போன வருசம் எவ்வளவு இருந்தது? யார் தோட்டத்து விதையைச் சோதித்தீர்கள், எங்கே சோதித்தீர்கள்? கேட்டோம். "அதெல்லாம் கம்பெனி விவகாரம்மா" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. கடன் வாங்கி நட்டவர்கள் வேறு வழியில்லாமல் அந்த விலைக்கே போட்டுவிட்டார்கள். நானும் பாதியைப் போட்டேன். மீதி வீட்டில் மூட்டையாக இருக்கிறது.

விலை ஏறும், இறங்கும். பயிர் வைக்கிறவர்களுக்கு அது புதிதல்ல. ஆனால் என் விதைக்குள் இருக்கும் ஒரு பொருளைக் காரணம் காட்டி விலையைக் குறைத்துவிட்டு, அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் என்னிடம் சொல்ல மாட்டேன் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கத்தைச் சேர்ந்தவள். வேதியியல் படித்து, கல்யாணத்துக்கு முன்பு ஒரு மருந்துக் கம்பெனியின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். மாமனாருக்கு முடியாமல் போன பிறகு தோட்டத்தை நானும் என் வீட்டுக்காரரும் பார்க்கிறோம். கோல்கிசின் அளவை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். விதையைப் பொடித்து, எண்ணெய்ப் பசையை நீக்கி, ஆல்கஹாலில் சத்தை இறக்கி, வடிகட்டி, ஹெச்.பி.எல்.சி. என்னும் கருவிக்குள் சில மைக்ரோலிட்டர் செலுத்துவார்கள். கருவி ஒரு கோடு வரையும். கோல்கிசின் வெளிவரும் நிமிடத்தில் அந்தக் கோடு முக்கோணமாக எழும்பும். அந்த முக்கோணத்தின் பரப்பை, தூய கோல்கிசின் தந்த முக்கோணத்தோடு ஒப்பிட்டால் விழுக்காடு கிடைத்துவிடும். முடிவு ஒரே ஒரு தாள். மாதிரி எண், தேதி, ஈரப்பதம், அளவு, சோதித்தவர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். அப்படிப்பட்ட தாள்களை நானே நிரப்பியிருக்கிறேன். அதில் மறைக்க வேண்டிய தொழில் நுணுக்கம் எதுவும் கிடையாது. உங்கள் பிரித்தெடுக்கும் முறையை நாங்கள் கேட்கவில்லை. எங்கள் சரக்கின் அளவைத்தான் கேட்கிறோம்.

அளவு மட்டும் போதாது, அது எந்தக் கணக்கில் வந்த அளவு என்பதும் தெரிய வேண்டும். ஒரு விதை முழுக்க உலர்ந்த எடையில் 0.70 விழுக்காடு காட்டுகிறது என்று வையுங்கள். அதே விதையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரம் இருக்க, ஈரத்தைக் கழிக்காமல் கணக்கிட்டால் 0.63 என்று வரும். விதை ஒன்றுதான், எண் இரண்டு. வாங்கும்போது ஈரத்தோடு கணக்கிட்டு, விற்கும்போது உலர் எடையில் கணக்கிட்டால் அந்த வித்தியாசம் யாருக்குப் போகும்? நீங்கள் அப்படித்தான் செய்கிறீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தாளைக் காட்டாதவரை, செய்யவில்லை என்று நம்ப எங்களிடம் எதுவும் இல்லை.

மாதிரி எடுக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். பத்துத் தோட்டத்து விதையை ஒரே படுதாவில் கொட்டி, மேலே இருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். நன்றாக முற்றிய காயைப் பறித்து, நிழலில் காயவைத்து, சுருங்கலும் சொத்தையும் பொறுக்கிக் கொடுத்தவருடைய விதையும் அதில் இருக்கிறது. மழைக்குப் பயந்து பச்சையிலேயே பறித்தவருடையதும் இருக்கிறது. அந்தக் கைப்பிடியைச் சோதித்து வரும் எண் எங்களில் யாருடைய விதைக்கும் சொந்தமில்லை. ஆனால் விலை எல்லாருக்கும் அதை வைத்துத்தான்.

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் காலையில் பால் ஊற்றுகிற பெண்ணுக்குக் கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று அவள் கண்முன்னால் பார்த்து அட்டையில் எழுதிக் கொடுக்கிறார்கள். காசும் அந்த எண்ணுக்குத் தக்கபடி. ஒரு லிட்டர் பாலுக்கு நடக்கிற காரியம், ஒரு கிலோவே பெரிய தொகைக்குப் போகிற விதைக்கு ஏன் நடக்கக் கூடாது?

ஒரு கிலோ விதை என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். எங்களில் பலருக்குத் தெரியாது என்பதால் விரித்து எழுதுகிறேன். கண்வலி விதையில் கோல்கிசின் பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். 0.7 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ விதையில் 7 கிராம், அதாவது 7,000 மில்லிகிராம். கோல்கிசின் மாத்திரை பெரும்பாலும் அரை மில்லிகிராம் அளவில் வருகிறது. அப்படியானால் ஒரு கிலோ விதைக்குள் 14,000 மாத்திரைக்கான சத்து இருக்கிறது. பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்துவதற்குள் பாதி போய்விடுகிறது என்றே கொள்வோம். மீதி 7,000. தினம் ஒரு மாத்திரை சாப்பிடும் ஒரு நோயாளிக்கு அது 19 வருடத்துக்குக் காணும்.

அந்த மாத்திரையால் என்ன பயன் என்பதையும் எங்கள் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோல்கிசினை முதன்முதலில் 1820-ல் பெல்லத்தியே, கவந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் குயினைனைப் பிரித்தவர்களும் அவர்களேதான். அவர்கள் எடுத்தது ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் கோல்கிக்கம் என்ற செடியிலிருந்து. நம் செங்காந்தள் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் டியூபுலின் என்ற புரதம் ஒன்றோடொன்று கோத்து நுண்குழாய்களாக நிற்கும். உயிரணு பிரிவதும், ரத்த வெள்ளணுக்கள் அழற்சி உள்ள இடத்துக்கு ஓடுவதும் அந்தக் குழாய்களை நம்பித்தான். கோல்கிசின் டியூபுலினைப் பிடித்துக்கொண்டு குழாய் கட்டவிடாமல் செய்கிறது. வெள்ளணுக்கள் மூட்டில் போய்க் குவிவது தடைபடுவதால் கவுட் என்ற மூட்டுவாதத்தில் வலியும் வீக்கமும் தணிகின்றன. மத்தியதரைக் கடல் நாடுகளில் பரம்பரையாக வரும் ஒருவகைக் காய்ச்சலுக்கும், இதயத்தைச் சுற்றிய உறையின் அழற்சிக்கும் கொடுப்பதும் இதே காரணத்தால்தான்.

இப்போது அது இதயத்துக்கும் போயிருக்கிறது. நாள்பட்ட இதயத் தமனி நோய் உள்ள 5,522 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. தினம் அரை மில்லிகிராம் கோல்கிசின் எடுத்தவர்களில் 6.8 விழுக்காட்டினருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 9.6 விழுக்காடு. 2023 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி கொடுத்தது. மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வு 2024-ல் வந்தது. அதில் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மருத்துவர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். விவாதம் எப்படி முடிந்தாலும், 200 வருடம் கழிந்தும் புதிய வேலைக்கு எடுத்துப் பார்க்கப்படும் ஒரு மருந்து இது. வேதியியலாளர்கள் இதை 1959-லேயே ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். ஆனாலும் செடியிலிருந்து எடுப்பதுதான் இன்றைக்கும் கட்டுப்படியாகிறது. அந்தச் செடியை வயலில் வணிகப் பயிராக வளர்ப்பவர்கள் இந்தியாவில் பெரும்பாலும் நாங்கள்தான். ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, மூலனூர், தாராபுரம், ஜெயங்கொண்டம், வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள்.

நீங்கள் எங்களிடம் பேசும்போது கோல்கிசினைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். விதையில் கோல்கிகோசைடு என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. தசைப்பிடிப்புக்கு எழுதிக் கொடுக்கிறார்களே தயோகோல்கிகோசைடு, அதற்கு மூலப்பொருள் அதுதான். மருந்துக்கடையில் முதுகுவலிக்கு வாங்கும் பல மாத்திரைகளின் அட்டையில் அந்தப் பெயர் இருக்கும். ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் அதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்தச் சொன்னது. நம் நாட்டில் அது இன்றும் நிறைய விற்பனையாகிறது. "கோல்கிசின் கம்மி" என்று விலையைக் குறைக்கும்போது கோல்கிகோசைடு எவ்வளவு இருந்தது என்று யாராவது சொன்னீர்களா? ஒரு சரக்கில் இரண்டு பொருள் எடுக்கிறவர்கள், ஒன்று குறைந்ததை மட்டும் விவசாயியிடம் சொல்வது நியாயமா என்று நீங்களே யோசியுங்கள்.

உங்களுக்கும் செலவு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. கரைப்பான், அதை மீட்கும் கருவி, தொழிற்சாலை உரிமம், நச்சுப் பொருளைக் கையாளும் பாதுகாப்பு, வெளிநாட்டுத் தணிக்கை என்று பணம் போகும். அமெரிக்காவில் 2009-ல் ஒரு நிறுவனத்துக்குத் தனித்து விற்கும் உரிமை கிடைத்ததும், ஏறக்குறைய 9 சென்ட்டுக்கு விற்ற கோல்கிசின் மாத்திரை 5 டாலரை நெருங்கியது. அந்தக் காசு உங்கள் பைக்கு வரவில்லை என்பதும் தெரியும். நான் கேட்பது லாபத்தில் பங்கு இல்லை. கணக்கில் வெளிச்சம்.

இனி எங்கள் பக்கம்.

ஆடியில் கிழங்கு நடுகிறோம். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு. அதன் நுனியில் இருக்கும் முளை ஒடிந்துவிட்டால் அந்தக் கிழங்கு போனதுதான். அதனால் குழந்தையைத் தூக்குகிற பதனத்தோடு எடுத்து வைக்க வேண்டும். இலை நுனியே சுருண்டு பற்றிக் கொடியாக ஏறுவதால் பந்தல் கட்டாமல் முடியாது. முன்பெல்லாம் முள்கிளுவைச் செடியை நட்டு அதில் ஏற்றினார்கள். இப்போது கம்பிப் பந்தல், அதற்கு ஒரு முதலீடு. புரட்டாசி, ஐப்பசியில் மழை கூடினால் இலை கருகும், கிழங்கு அழுகும். கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளி வைத்த ஒரு புழு வரும். ஆடு வாய் வைத்தாலே ஆபத்தான அந்த இலையை அது ஒன்றும் ஆகாமல் மொட்டையாக்கிவிட்டுப் போகும்.

பூ வந்த பிறகு வேலை இன்னும் நுட்பம். செங்காந்தள் பூவை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? இதழ்கள் ஆறும் பின்னால் மடங்கி மேலே நிற்கும். மகரந்தத் தாள்கள் ஆறும் சக்கர ஆரம்போல் பக்கவாட்டில் விரியும். சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக ஒடிந்தாற்போல் திரும்பி, மகரந்தத்தை விட்டு விலகிப் படுத்திருக்கும். தானாக மகரந்தம் சேரட்டும் என்று விட்டால் காய் பிடிப்பது குறைவு. அதனால் காலையில் ஆள் விட்டு, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தொட்டு வைக்கிறோம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். தினமும் புதுப்பூ விரியும், தினமும் போக வேண்டும். கார்த்திகை முழுக்க எங்கள் பெண்களின் காலை நேரம் இதிலேயே போகிறது. விரல் நுனியெல்லாம் மஞ்சளாக ஒட்டியிருக்கும். நீங்கள் மூட்டையில் பார்க்கும் ஒவ்வொரு விதைக்கும் பின்னால் ஒரு பெண்ணின் கை இருக்கிறது என்று நான் சொன்னால் அது மிகையில்லை.

காய் கரும்பச்சையிலிருந்து வெளிறி, தோல் சுருங்க ஆரம்பிக்கும்போது பறிக்க வேண்டும். நிழலில் பரப்பிக் காயவைத்தால் காய் வெடித்துச் செம்மஞ்சள் விதை தெரியும். கோல்கிசினுக்கு வெளிச்சம் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் லூமிகோல்கிசின் என்ற வேறு பொருளாக மாறிவிடும், அதற்கு மருந்துக் குணம் இல்லை. இதை நான் படிப்பில் தெரிந்துகொண்டதால் எங்கள் களத்தில் கூரைக்குக் கீழேதான் விதை காய்கிறது. வெயிலில் போட்டால் சீக்கிரம் வேலை முடியும். நிழலில் போட்டு நாள்கணக்கில் கிளறிவிட்டுக் காவல் இருப்பது கூடுதல் கூலி. அந்தக் கூடுதல் உழைப்பால் சத்து எவ்வளவு கூடியது, கூடியதா இல்லையா என்று சொல்லக் கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான். நீங்கள் வாய் திறப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வெயிலில் கொட்டிக் காயவைத்தவருக்கும் எனக்கும் ஒரே விலை. அவர் ஏன் மாற வேண்டும்?

நான் இந்த மடல் எழுதுவதற்குப் பணத்தை விடப் பெரிய காரணம் இதுதான். கண்வலி பெரும்பாலும் கிழங்கிலிருந்து கிழங்காகப் பெருகுகிற பயிர். தாய்க் கிழங்கின் குணம் பிள்ளைக் கிழங்குக்கு அப்படியே இறங்கும். எந்தத் தோட்டத்தில், எந்தப் பாத்தியில் சத்து அதிகம் என்று தெரிந்தால் அந்தக் கிழங்கை மட்டும் எடுத்துப் பெருக்கலாம். சில பருவங்களிலேயே எங்கள் வட்டாரத்து விதையின் தரம் மாறிவிடும். மண், தண்ணீர், உரம், பறிக்கும் பக்குவம், உலர்த்தும் விதம் இவற்றில் எது எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்று விவசாயிகளே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒவ்வொரு வருடமும் தன் சரக்குக்கான ஓர் எண். அந்த எண்கள் வருடக்கணக்காக உங்கள் கோப்புகளில் கிடக்கின்றன. வாங்கிய ஒவ்வொரு சுமைக்கும் சோதனை செய்யாமல் எந்தத் தொழிற்சாலையும் உள்ளே எடுக்காது என்பது அந்தத் துறையில் வேலை பார்த்த எனக்குத் தெரியும். சத்து குறைந்த விதை வந்தது என்று வருந்துகிறவர்கள், சத்தைக் கூட்ட வழி சொல்லும் தாளைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். இதனால் உங்களுக்கும் நட்டம்தான்.

இன்னொரு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. எங்கள் பயிர் விஷப்பயிர். மருந்துச் சட்ட விதிகளின் ஈ(1) அட்டவணையில் நச்சு மூலிகைகளில் ஒன்றாக இது இருக்கிறது. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி கோல்கிசினில் மிகக் குறுகல். அளவு மீறினால் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். பிறகு எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகப் பழுதாகும். பிழைத்தவர்களுக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொத்தாக உதிரும். இதற்கென்று கடையில் கிடைக்கும் முறிமருந்து எதுவும் இல்லை. கிழங்கை வேறு கிழங்கென்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்த நீங்கள் எங்களுக்கு அனுப்பும் சாக்கில் ஓர் எச்சரிக்கை வரி கூட இல்லை. உங்கள் தொழிற்சாலைக்குள் அதே பொருளைத் தொடுகிறவர் கையுறை, முகமூடி, கண்ணாடி, மேலங்கி இல்லாமல் உள்ளே போக முடியாது. இங்கே விதை பொறுக்குகிற பெண்கள் வெறும் கையோடு, சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். புடைக்கும்போது எழும் தூசியில் கண் எரிகிறது என்பார்கள். மதியம் கையை ஒரு சொம்புத் தண்ணீரில் அலசிவிட்டு அதே கையால் சோறு பிசைவார்கள். தொட்டில் கட்டிய பிள்ளை அதே கொட்டகையில் தூங்கும். போன பருவத்தில் எங்கள் களத்தில் சோப்பும் கையுறையும் வாங்கி வைத்தேன். கையுறை போட்டால் சுருங்கல் விதை விரலுக்குத் தட்டுப்படவில்லை என்று கழற்றிவிட்டார்கள். மெல்லிய, விரலோடு ஒட்டுகிற கையுறை இருக்கிறது, அது மருத்துவமனைகளில் கிடைக்கிறது. அதை வாங்கித் தருவது உங்களுக்குப் பெரிய செலவில்லை. விலை பேச வரும்போது ஒரு பெட்டி கொண்டு வரலாம்.

"கண்வலிக் கிழங்கை அரைத்துப் பூசு, கொஞ்சம் உள்ளுக்கும் எடு, மூட்டுவலி பறந்துபோகும்" என்று கைப்பேசியில் காணொளிகள் சுற்றுகின்றன. சித்த மருத்துவத்தில் இதற்கு இடம் உண்டு. ஆனால் நச்சு நீங்கச் சுத்தம் செய்து, அளவறிந்து, தேர்ந்த வைத்தியர் கையால் கொடுப்பது அது. வீட்டு அம்மியில் அரைப்பதில்லை. மாத்திரையில் அரை மில்லிகிராம் என்று எண்ணிப் போடுகிற பொருள், ஒரு கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. இந்த மடலைப் படிக்கும் பொதுமக்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: தயவு செய்து செய்யாதீர்கள். இந்தச் சரக்கை வைத்துத் தொழில் நடத்துகிற நீங்கள் இதை உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

விலையைப் பற்றிக் கேட்டால் நீங்கள் சொல்லும் பதில்கள் எனக்கு மனப்பாடம். வெளிநாட்டில் தேக்கம், வாங்குகிறவர் கேட்கவில்லை, பழைய சரக்கே கிடக்கிறது. இருக்கலாம். அப்படியானால் அதை ஆடியிலேயே சொல்லுங்கள். விதைக்கு நல்ல விலை என்ற பேச்சு பரவும்போது நடவுக் கிழங்கின் விலையும் கூடவே ஏறுகிறது. அந்த விலைக்கு வாங்கி நட்டவன், மாசியில் விதை விலை சரிந்ததும் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறான். மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் கண்வலி இல்லை. தாங்கிப் பிடிக்க வேறு யாரும் இல்லாத பயிரில் நீங்கள்தான் சந்தை, நீங்கள்தான் தராசு, நீங்கள்தான் சோதனைக்கூடம். அவ்வளவு அதிகாரமும் ஒரே கையில் இருக்கும்போது, காட்டிச் செய்ய வேண்டிய கடமையும் அந்தக் கைக்கு உண்டு.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

கொள்முதலின்போது ஒவ்வொரு விவசாயியின் விதையிலிருந்தும் தனித்தனியாக, மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் மாதிரி எடுங்கள். அதை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் முத்திரை வைத்து, இருவரும் கையெழுத்திட்டு, ஒன்றை விவசாயியிடம் கொடுங்கள். முடிவில் சந்தேகம் வந்தால் அவர் வேறு அங்கீகாரம் பெற்ற கூடத்தில் சோதித்துக்கொள்ளட்டும். இரண்டு முடிவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அந்தச் சோதனைச் செலவு உங்களுடையது.

சோதனை முடிவைத் தமிழில், ஒரு தாளில் கொடுங்கள். கோல்கிசின் எவ்வளவு, கோல்கிகோசைடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, கணக்கு உலர் எடையிலா இல்லையா என்ற நான்கும் அதில் இருக்கட்டும். அதுவரை "கோல்கிசின் கம்மி" என்று வாய்மொழியாகச் சொல்லி விலை குறைப்பதை நிறுத்துங்கள். இந்தப் பருவத்தில் அப்படிக் குறைத்து வாங்கியவர்கள், வாங்கிய சுமைகளின் சோதனைத் தாளை வைகாசி முடிவதற்குள் வெளியிடுங்கள். தாளில் இருக்கும் அளவு குறைவில்லை என்றால் பிடித்த தொகையைத் திருப்பிக் கொடுங்கள்.

சத்துக்குத் தக்க விலைப்படி ஒன்றை அறிவியுங்கள். இன்ன அளவுக்கு இன்ன விலை, அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் இவ்வளவு கூடுதல் என்று. அடுத்த பருவத்துக்கு எவ்வளவு விதை தேவைப்படும், குறைந்தபட்சம் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்பதைக் கிழங்கு நடுவதற்கு முன், ஆனி மாதத்துக்குள் எழுத்தில் சொல்லுங்கள்.

விதை கையாளும் ஆட்களுக்குக் கையுறையும் முகமூடியும் நீங்கள் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சாக்கிலும் "நச்சு விதை, உண்ணக் கூடாது, குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் வையுங்கள்" என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். விதை வாங்கும் ஊர்களுக்குப் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு, இந்த நச்சின் அறிகுறிகள் பற்றிய குறிப்பை எழுதிக் கொடுங்கள்.

இந்த மடலைப் பார்க்கும் அரசு அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். கண்வலி விளையும் வட்டாரங்களில் ஏதாவது ஓர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், வாங்குபவரையும் விற்பவரையும் சாராத ஒரு சோதனைக் கருவியும், அதை இயக்கத் தெரிந்த ஓர் ஆளும் வையுங்கள். இந்த மாவட்டங்களின் கல்லூரிகளில் வேதியியல் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்.

என் வீட்டில் மீதமிருக்கும் மூட்டைகளை, தனி மாதிரி எடுத்து, முடிவைத் தாளில் கொடுத்து, அதன்படி விலை சொல்பவருக்குத்தான் கொடுப்பேன். எங்கள் பகுதியில் இன்னும் சிலரும் அப்படியே முடிவு செய்திருக்கிறோம். ஆனி பிறப்பதற்குள் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
மூலனூர் வட்டாரத்துக் கண்வலி விவசாயி ஒருத்தி